ரினியூவலுக்கு வாங்கிய லட்டு

என் மகளின் வாழ்க்கையில் ஒரு முழு வருடத்தை வீணாக்கும் காரியம் ஒன்றைச் செய்துவிட்டு, அதைக் கொண்டாட லட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவன் நான். நெய் லட்டு. கராமாவில் கார் நிறுத்த இடம் கிடைக்காமல் கடையைச் சுற்றிச் சுற்றி வந்து வாங்கினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முட்டாள்தனத்துக்கு நான் எவ்வளவு மெனக்கெடுவேன் என்பது தெரியட்டும்.

வளைகுடாவில் நீண்ட காலம் குப்பை கொட்டியவனுக்கு மட்டும்தான் இந்தத் தவறு வரும். இங்கே நாங்கள் கல்யாண நாளை மறப்போம், ரினியூவல் தேதியை மறக்க மாட்டோம். விசா ரினியூவல், வாடகை ரினியூவல், கார் ரினியூவல், எல்லாவற்றுக்கும் மேலே வேலை ஒப்பந்த ரினியூவல். 'ரினியூ ஆயிடுச்சு' என்று ஒருவன் போனில் சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சாமிக்குச் சூடம் காட்டுவார்கள். என் பிழைப்பே அதுதான். ஒரு கட்டுமானக் கம்பெனியின் நிர்வாக அதிகாரி என்று என் அட்டையில் அச்சடித்திருந்தாலும், சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு நான் 'ரினியூவல் சார்'. என் அறை வாசலில் நிற்பவனின் முகத்தைப் பார்த்தே, இவன் நீட்டிக்கக் கேட்டு வந்திருக்கிறானா, விடுவிக்கக் கேட்டு வந்திருக்கிறானா என்று சொல்லிவிடுவேன். முதல் வகைக்கு டீ உண்டு. இரண்டாம் வகைக்கு 'பாக்கலாம்' உண்டு.

இப்படிப்பட்ட மண்டைக்குள், நீட்டிப்பு என்பது ஒருவருக்குக் கெடுதலாகவும் இருக்கலாம் என்ற எண்ணம் எந்த வழியாக நுழையும்?

மகள் இங்கேயே ஒரு பல்கலைக்கழகத்தில் உயிர் மருத்துவ அறிவியல் படித்துக்கொண்டிருந்தாள். வகுப்புகளோடு வேலைப் பயிற்சியும் சேர்ந்த படிப்பு. வெளியே ஓர் இடத்தில் போய் ஒரு பருவம் வேலை பார்க்க வேண்டும். அதை முடித்தால்தான் பட்டம். பட்டம் கையில் இருந்தால்தான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாம். அவள் குறிவைத்திருந்த கல்லூரி பட்டம் முடித்தவர்களை மட்டும் எடுப்பது. எனவே அவள் எல்லாவற்றையும் அளந்து வைத்திருந்தாள். வேலையெல்லாம் கோடை விடுமுறையில். செப்டம்பரில் தொடங்கும் பருவத்தில் கடைசிக் கட்டாயப் பாடம். அந்தப் பாடத்தை வருடத்துக்கு ஒரு முறை, செப்டம்பரில் மட்டும்தான் நடத்துவார்கள். வேலைக்குப் போகிற பருவத்தில் வகுப்பு எடுக்கக் கூடாது என்பது அங்கே விதி. ஆகவே செப்டம்பரில் அவளுக்கு எந்த வேலையும் இருக்கக் கூடாது.

இதை அவள் சாப்பாட்டு மேசையில் என்னிடம் விளக்கியிருக்கிறாள். நான் ஆரஞ்சு உரித்துக்கொண்டே தலையாட்டியிருக்கிறேன்.

"அடுத்த வருஷம்னு ஒண்ணை யாரும் எனக்கு ப்ராமிஸ் பண்ணலப்பா. இந்த வருஷம் இருக்கு. இதுல முடிச்சிடணும்" என்றாள்.

அவள் சொன்னது சரி. அவள் விசா என் விசாவில் தொங்குகிறது. என் விசா கம்பெனியில் தொங்குகிறது. கம்பெனி எதில் தொங்குகிறது என்று யாருக்கும் தெரியாது. என் வயதுக்காரர்களை ஒவ்வொருவராக ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். பிரிவு உபசாரக் கேக் வெட்டும் வேலையும் நிர்வாக அதிகாரியுடையதுதான் என்பதால் எனக்கு இது நன்றாகவே தெரியும்.

இனி கிளினிக் மேனேஜர். அஜ்மானில் எங்கள் கட்டடத்திலேயே எங்களுக்கு மேல் மாடியில் குடியிருப்பவர். திருநெல்வேலிக்காரர். அல் குசைஸில் ஒரு கிளினிக்கை நிர்வகிக்கிறார். காலையில் என் காரில் வருவார், மாலையில் என் காரில் திரும்புவார். டிரைவிங் டெஸ்டில் அவர் எத்தனை தடவை தோற்றார் என்பது அவருக்கும் போலீசுக்கும் உள்ள ரகசியம். ஆனாலும் என் காரில் எந்த லேனில் போக வேண்டும் என்று முடிவுசெய்பவர் அவர்தான். "அண்ணாச்சி, இடது பக்கம் சும்மா கெடக்கு, பாருங்க" என்பார். நான் இடது பக்கம் போவேன். இடது பக்கம் நின்றுவிடும். "வலது பக்கமே போயிருக்கலாம்" என்பார். ஷார்ஜாவைத் தாண்டுவதற்குள் ஒரு மனிதனை முழுமையாக வெறுக்க முடியும் என்பதை அவரால்தான் தெரிந்துகொண்டேன். அவருக்கும் என்மேல் அதே அபிப்பிராயம் இருந்தது என்று நம்புகிறேன். இல்லாவிட்டால் அவமானம்.

கோடைப் பயிற்சியை மகளுக்கு அவர் கிளினிக்கில் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். "நோயாளிங்களோட பழகுற வேலை" என்று சொல்லித்தான் வாங்கினேன். அங்கே அவளை இன்சூரன்ஸ் அப்ரூவல் மேசையில் உட்காரவைத்தார்கள். டாக்டர் எழுதும் ஸ்கேனுக்கும் மருந்துக்கும் இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அனுமதி வாங்கும் வேலை. நோயாளிகளோடு பழகினாள் என்பதும் பொய்யில்லை. அனுமதி வராத நோயாளிகள் அவளைத்தான் வந்து திட்டினார்கள். மத்தியானங்களில் ஒரு டாக்டரம்மா அவளைப் பக்கத்தில் நிற்க விட்டாராம். அதற்காகவே பொறுத்துக்கொண்டாள். காரின் பின் சீட்டில், காதில் இயர்போனோடு, கோடை முடியக் காத்திருந்தாள்.

ஆகஸ்ட் முடியும் தறுவாயில், மகள் பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்த ஒரு நாள் காலை, காரில் நாங்கள் இருவர் மட்டும்.

"அண்ணாச்சி, பாப்பா நல்லா வேலை பாக்கு. ரெண்டு ஆளு வேலைய ஒத்தையில பாக்கு. ஒரு நாலு மாசத்துக்கு நீட்டிருவமா?"

நீட்டிருவமா. இந்த ஒரு சொல்லுக்காக மனிதர்கள் என் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதைப் பார்த்தவன் நான். எனக்குப் புல்லரித்தது.

"மெடிக்கல் காலேஜ்ல இந்த எக்ஸ்பீரியன்ஸ் எல்லாம் பாப்பாங்களா சார்?"

"பாக்காம? நம்ம கிளினிக் லெட்டர்ஹெட்டக் கண்டா எந்திரிச்சு நிப்பானுவ."

"அப்ப போட்டுடுங்க."

"பாப்பாட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்களேன்."

"அதெல்லாம் நான் சொல்லிக்கிறேன். சர்ப்ரைஸா இருக்கட்டும்."

ஒரு லேன் மாறும் நேரத்துக்குள் முடிந்துவிட்டது. அவர் அங்கிருந்தபடியே போனில் பல்கலைக்கழகத்துக்கு மெயில் தட்டிவிட்டார். சாயங்காலம் நான் கராமாவுக்கு வண்டியைத் திருப்பினேன்.

வீட்டில் லட்டுப் பெட்டியைத் திறந்து, நானே ஒன்றை எடுத்துப் பாதி கடித்துக்கொண்டு, செய்தியைச் சொன்னேன். மனைவி மகளைப் பார்த்தாள். மகள் போனைப் பார்த்தாள். பல்கலைக்கழகத்திலிருந்து மெயில் முன்பே வந்திருந்தது: செப்டம்பர் பருவத்தில் நீ வேலைப் பயிற்சியில் இருப்பதால் உன் பெயரை வகுப்பிலிருந்து நீக்கிவிட்டோம்.

"யாருப்பா உங்களக் கேட்டா?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தித் தப்பித்திருப்பேன். அவள் பெட்டியிலிருந்து லட்டுகளை எடுத்து மேசையில் வரிசையாக வைத்தாள். "இது இந்த சம்மர். வேலை முடிஞ்சுது. இது செப்டம்பர், லாஸ்ட் கோர்ஸ். இது டிகிரி. இது மெடிக்கல் ஸ்கூல்." பிறகு இரண்டாவதை எடுத்து என் தட்டில் வைத்தாள். "இத நீங்க சாப்டுட்டீங்க. இனி இது அடுத்த செப்டம்பர்லதான் வரும். அதுக்குள்ள மெடிக்கல் ஸ்கூல் க்ளாஸ் ஸ்டார்ட் ஆயிடும். ஸோ, டிகிரி இல்ல, அப்ளிகேஷன் இல்ல. ஒரு இயர் போச்சு. புரியுதா, இல்ல இன்னொரு லட்டு எடுக்கவா?"

"நல்லதுன்னு நெனச்சுத்தான்..."

"கேம்ப்ல இருக்கிறவங்க தலையெழுத்த எழுதுறது போதாதுன்னு வீட்லயும் ஆரம்பிச்சாச்சா?" என்றாள் மனைவி. பெட்டியை மூடி ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். அது பல வாரம் அங்கேயே இருந்தது. யாரும் தொடவில்லை, யாரும் எறியவும் இல்லை. சமையலறைக்குள் போகும்போதெல்லாம் அது என்னைப் பார்த்தது.

மறுநாள் காரில் மேனேஜரிடம் பேச்சைத் திறந்தேன். பின் சீட்டில் மகள்.

"சார், நேத்துப் பேசின விஷயம், கேன்சல் பண்ணிடலாமா?"

"அது எப்படி அண்ணாச்சி முடியும்? ரோஸ்டர் போட்டாச்சு. எனக்கு லீவு சாங்ஷன் ஆனதே பாப்பா இருக்குங்கிற தைரியத்துலதான். தங்கச்சி மக கல்யாணம். டிக்கெட் போட்டாச்சு."

"அவளுக்கு ஒரு வருஷம் போயிடும் சார்."

"பாக்கலாம்" என்றார்.

என் சொல். அதே ராகம். அதுவரை அதை மேசைக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டதில்லை. இவ்வளவு அருவருப்பான சொல் என்று யாரும் என்னிடம் சொன்னதும் இல்லை. கண்ணாடியில் பார்த்தேன். மகள் வெளியே ஷார்ஜா தொழிற்பேட்டையின் கிடங்குக் கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவற்றின் மேல் அவளுக்கு இருந்த பாசத்தில் கொஞ்சம் என் மேலும் இருந்திருக்கலாம்.

அந்த வாரமே பல்கலைக்கழகத்துக்கு என்னை அழைத்துப் போனாள். அழைத்துப் போனாள் என்பது மரியாதைக்காகச் சொல்வது. சாட்சிப் பொருளாக எடுத்துப் போனாள். தாழ்வாரத்தில் வைத்து எனக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள்.

"நீங்களா எதுவும் பேசக் கூடாது. அவங்க கேட்டா, 'என் பொண்ணுக்குத் தெரியாம நான்தான் சொன்னேன்'னு சொல்லணும். அவ்வளவுதான். வரலாறு வேண்டாம்."

பயிற்சிகளைக் கவனிக்கும் அந்த அரபுப் பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார். நீங்கள் கிளினிக்கைச் சேர்ந்தவரா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை, தகப்பன் என்றேன். மாணவியின் சார்பில் சம்மதம் சொல்ல உங்களுக்கு என்ன அதிகாரம் என்றார். வளைகுடாவில் ஒரு தகப்பனின் நிலை, ரினியூவல் என்ற சொல்லின் மகத்துவம், இவற்றைப் பற்றி நான் ஒரு சிறு முன்னுரையைத் தொடங்கினேன்.

"கலாஸ்" என்றார். போதும், முடிந்தது என்று கையை உயர்த்தினார்.

என் வாழ்நாளில் நான் ஆற்றிய உரைகளிலேயே மிகச் சுருக்கமாக முடிக்கப்பட்டது அதுதான். பிறகு அவர் மகளிடம் மட்டும் பேசினார். மாணவி சம்மதிக்காத நீட்டிப்பு செல்லாது. ஆனால் கோடைப் பயிற்சியை அவள் ஒழுங்காக முடித்துவிட்டாள் என்று கிளினிக் எழுதித் தர வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் வகுப்புப் பட்டியலை மூடுகிறார்கள். அதற்குள் அந்தக் காகிதம் வந்தால் இடம் உண்டு, வராவிட்டால் அடுத்த செப்டம்பர். கிளம்பும்போது, இனி இந்த மாணவி விஷயமாக யாராவது எழுதினால் அவளிடம் நேரில் கேட்காமல் எதுவும் செய்யாதே என்று உதவியாளரிடம் சொன்னார். 'யாராவது' என்று சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

அன்று மாலையே மேனேஜரிடம் கேட்டேன்.

"அதுக்கென்ன, குடுக்கேன். லீவு முடிஞ்சு வந்து குடுக்கேன்."

"வெள்ளிக்கிழமை வேணும் சார்."

"இப்பக் குடுத்தா பாப்பா போயிரும். நான் கல்யாணத்துல பந்தி பரிமாறுவனா, இல்ல அங்க உக்காந்து இன்சூரன்ஸ்காரன்கிட்ட போன்ல மல்லுக்கட்டுவனா? சொல்லுங்க."

அதன்பின் வீடு வரைக்கும் லேனைப் பற்றிக்கூட அவர் ஒன்றும் சொல்லவில்லை. நிலைமை எவ்வளவு முற்றிவிட்டது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

புதன்கிழமை போனது. வியாழக்கிழமை காலை நான் ஒரு முடிவோடு ஸ்டீயரிங்கைப் பிடித்தேன். சண்டை என்றால் தெரு மாறிப் போகிற ஆள் நான். ஆனால் அன்று குளிக்கும்போதே வசனங்களை மனப்பாடம் செய்திருந்தேன். மேனேஜர் ஏறி, பெல்ட்டை மாட்டி, பையை மடியில் வைத்து ஜிப்பைத் திறக்கப் போனார்.

"மொதல்ல பேச்சு" என்றேன். அவர் கை நின்றது.

அடுத்து வந்த பெட்ரோல் பங்க்கில் வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இன்ஜினை அணைத்தேன். ஏசி நின்றது. செப்டம்பர் தொடக்கத்துக் காலையில் அது கிட்டத்தட்ட ஆயுதப் பிரயோகம்.

"பேப்பரக் குடுத்தா வண்டி கிளம்பும். இல்லேன்னா கிளம்பாது."

"அப்பா, ஒரு நிமிஷம்" என்றாள் மகள்.

"நீ சும்மா இரு. நான் பாத்துக்கிறேன்."

"அப்பா, ப்ளீஸ், வண்டிய எடுங்க."

"எடுக்க முடியாது. இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு."

மேனேஜர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பையின் ஜிப்பை நிதானமாக மூடினார். "மிரட்டுதீயளோ? டேக்ஸி பிடிச்சுப் போவத் தெரியாதா எனக்கு? பேப்பரும் கெடையாது, ஒரு மண்ணும் கெடையாது. பாத்துக்கிடுங்க."

"எங்க மனுஷங்களோட வருஷங்கள நீங்க..." என்று நான் மனப்பாடப் பகுதியைத் தொடங்கினேன். என் மனுஷர்களின் வருஷங்களைத் தினமும் கேம்ப்பில் என்ன செய்கிறேன் என்பது பாதி வாக்கியத்தில் நினைவுக்கு வந்தது, மீதி வசனம் மறந்துபோனது. பின்னாலிருந்து ஒரு பெரிய பிக்-அப் ஹாரன் அடித்தது. காற்றடிக்கும் இடத்தை நான் அடைத்துக்கொண்டிருந்தேனாம். டிரைவர் தலையை நீட்டி, "பாய், ஹவா பர்னா ஹை, ஜல்தி!" என்று கத்தினான். புரட்சி அத்தோடு முடிந்தது. வண்டியை எடுத்தேன்.

"அங்கிள், சாரி" என்றாள் மகள். என்னிடம் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவர் என் காரில் ஏறவில்லை. மகள் மட்டும் ஏறினாள். கையில் காகிதம். கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரியாக இருந்தன. மறுநாள் மத்தியானத்துக்கு முன்பே அது பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் பெயர் வகுப்புப் பட்டியலில் திரும்ப ஏறியது.

நான் என்ன நினைத்திருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்த பெட்ரோல் பங்க் கதையை மனைவியிடம் சொன்னேன். மறுபடியும் சொன்னேன். ஊரிலிருக்கும் மச்சானுக்குப் போன் போட்டுச் சொன்னபோது பிக்-அப் ஹாரன் கதையிலிருந்து விழுந்துவிட்டது. மேனேஜரின் கை நடுங்குவது புதிதாகச் சேர்ந்துகொண்டது. மகள் கேட்டுக்கொண்டே எழுந்து போய்விடுவாள். அடக்கமான பெண் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பருவம் முழுக்க அவள் என்னிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. சனிக்கிழமை காலைகளில் பஸ் பிடித்துக் கிளம்பிவிடுவாள். எங்கே என்று மனைவியிடம் கேட்டால், "லைப்ரரி" என்பாள், நான் மேற்கொண்டு எதுவும் கேட்டுவிடக் கூடாது என்கிற குரலில். மேனேஜர் லீவுக்குப் போய், தங்கச்சி மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறிவிட்டு, அல்வாவோடு திரும்பினார். கொஞ்ச நாள் டேக்ஸியில் போய்ப் பார்த்தார். பிறகு ஒரு காலை எதுவும் நடக்காதது போல என் கார்க் கதவைத் திறந்து உட்கார்ந்தார். நானும் எதுவும் நடக்காதது போல வண்டியை எடுத்தேன். பெரிய விரோதங்களெல்லாம் இங்கே கார் லிஃப்டில்தான் முடிகின்றன. சமாதானத்தால் அல்ல, டேக்ஸிக் கட்டணத்தால்.

மகள் பாடத்தை முடித்தாள். பட்டம் வந்தது. விண்ணப்பம் போனது. நேர்முகத்துக்குக் கூப்பிட்டார்கள். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன். அவள் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் அந்த வாரம் முழுக்க எதுவும் கேட்கவில்லை. கடைசியில் இடம் கிடைத்தது. என் கம்பெனி என்னை இன்னும் அனுப்பியிருக்கவில்லை. அதாவது, எல்லாம் அவள் அளந்து வைத்திருந்தபடியே நடந்தது, நடுவில் நான் நுழைந்த இடத்தைத் தவிர.

மறுபடியும் கராமா. மறுபடியும் லட்டு. மறுநாள் காலை காரில் மேனேஜருக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். வென்றவன் காட்டும் பெருந்தன்மையோடு சொன்னேன்:

"அன்னைக்கு நான் கொஞ்சம் கடுமையா நடந்துக்கிட்டேன் சார். மனசுல வச்சுக்காதீங்க. புள்ள விஷயம், வேற வழி தெரியல."

"என்னைக்கு?"

"பெட்ரோல் பங்க்ல. நான் வண்டிய நிறுத்தினதாலதானே நீங்க பேப்பர்..."

அவர் லட்டை மென்று முடித்து, விரலைத் துடைத்துக்கொண்டு, என்னை எக்ஸ்ரே பார்ப்பதுபோல் பார்த்தார்.

"முந்தின நாள் ராத்திரியே பாப்பா எனக்குப் போன் போட்டுப் பேசி முடிச்சிட்டு அண்ணாச்சி. நான் லீவுல இருந்து வார வரைக்கும் சனிக்கிழம சனிக்கிழம வந்து பாத்துக்கிடுதேன், ரிசப்ஷன் பிள்ளைக்கும் வேலைய சொல்லிக் குடுக்கேன்னு சொல்லிச்சு. சொன்ன மாதிரியே வந்துச்சு. வீட்ல வச்சே கையெழுத்துப் போட்டு முத்திர குத்தின பேப்பரு அன்னைக்குக் காலம்பற என் பையிலதான் கெடந்து. எடுக்கத்தான் ஜிப்பத் தொறந்தேன். நீங்க ஏசிய அணைச்ச கோவத்துல சாயங்காலம் வரைக்கும் வச்சிருந்தேன். வலது லேன் போங்க அண்ணாச்சி, எக்ஸிட் வருது."